மூக்குக்கு வழிவிடுங்கள்: ஒயினைச் சுவைப்பதும் பரிமாறுவதும்

பெரிய உணவகங்களில் ஒயின் புட்டி ஒன்றை வரவழைத்தால் ஒரு சிறு சடங்கு நடக்கும். பரிமாறுபவர் புட்டியைக் கொண்டுவந்து மேல்சீட்டைக் காட்டுவார். தக்கையை உருவி மேசைமேல் வைப்பார். வரவழைத்தவரின் கோப்பையில் மட்டும் ஓரிரு மடக்கு ஊற்றிவிட்டுக் காத்து நிற்பார். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்பார்கள். அவரும் ஒரு வாய் குடித்து, "நன்றாக இருக்கிறது" என்று தலையசைப்பார். தன்னிடம் என்ன கேட்கப்பட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிடித்திருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லக் குடிக்கவே வேண்டாம், முகர்ந்தால் போதும்.

ஒயினைச் சுற்றி இப்படிப் பல பழக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. எல்லாமே பகட்டு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஒன்றையும் விடாமல் பயபக்தியோடு பின்பற்றுபவர்களும் உண்டு. நான் ஒவ்வொரு பழக்கத்திடமும் கேட்பது ஒரே கேள்விதான்: இது மூக்குக்கு உதவுகிறதா? உதவினால் அதைக் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் விட்டுவிடலாம். ஒயினில் நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மணம் என்பதால் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

உணவகத்தின் அந்த முதல் மடக்கிலிருந்தே தொடங்கலாம். புட்டியை அடைக்கும் தக்கை, ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகின் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. இந்தப் பட்டையில் சில பூஞ்சைகள் வளரும்போது, அங்கே குளோரின் கலந்த சேர்மங்கள் இருந்தால், டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் உண்டாகிறது. ஒயினைக் கெடுப்பது இதுதான் என்பதை 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஹான்ஸ் டானரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டுபிடித்தார்கள். லிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பழகிய மூக்கு பிடித்துவிடும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, நெடுநாள் பூட்டிக்கிடந்த நிலவறை, ஈரம் காயாத பழைய செய்தித்தாள்: இந்த வாடைதான் அடையாளம். உடலுக்குத் தீங்கு இல்லை. ஆனால் ஒயின் செத்துப்போகும். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதை இன்னும் தெளிவாக்கியது. இந்தப் பொருள் தன் வாடையைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. மூக்கின் நரம்புச் செல்கள் மூளைக்கு அனுப்பும் குறிப்பையே மட்டுப்படுத்துகிறது. அதனால்தான் வாடை வெளிப்படையாகத் தெரியாதபோதும் பழமணம் காணாமல் போயிருக்கும். அப்படி இருந்தால் திருப்பிக் கொடுப்பது உங்கள் உரிமை. நல்ல உணவகம் மறுபேச்சில்லாமல் வேறு புட்டி கொண்டுவரும்.

தக்கையை எடுத்து முகர்ந்து பார்ப்பதில் பயன் இல்லை. நல்ல வாடையுள்ள தக்கைக்குக் கீழே கெட்ட ஒயின் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். தக்கையை மேசைமேல் வைப்பதற்கு வேறு காரணம் உண்டு. மலிவான ஒயினில் புகழ்பெற்ற பண்ணையின் சீட்டை ஒட்டி விற்கும் மோசடி ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. பண்ணைகள் தங்கள் பெயரையும் அறுவடை ஆண்டையும் தக்கையிலேயே சுட்டுப் பதித்தன. சீட்டில் இருப்பதும் தக்கையில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத்தான் அதை நம்மிடம் தருகிறார்கள். திருகு மூடி போட்ட புட்டி என்றால் இந்தக் கவலையே இல்லை. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினின் தயாரிப்பாளர்கள் பலர் 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். நியூசிலாந்தில் இன்று அதுவே வழக்கம். திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று முடிவுகட்டுவது சரியல்ல.

இனி மூக்குக்கு வருவோம். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச்சாறு போன்றவற்றில் இருக்கும் உமாமி ஆகிய ஐந்தைத்தான். மற்றது எல்லாம் மணம். அந்த மணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, மூச்சை இழுக்கும்போது மூக்குத் துளை வழியாக. மற்றொன்று, வாயில் இருப்பது சூடாகி ஆவியாகித் தொண்டையின் பின்புறமாக மேலே ஏறி, மூச்சு வெளியேறும்போது மூக்கை அடைகிறது. ஜலதோஷம் பிடித்தால் ரசம் வெறும் புளித்த வெந்நீராகத் தெரிவது இந்தப் பின்வாசல் அடைபடுவதால்தான். தொழில்முறைச் சுவைஞர்கள் ஒயினை வாயில் வைத்துக்கொண்டு உதடுகளுக்கிடையே காற்றை உறிஞ்சி ஒலி எழுப்புவார்கள். பார்க்க அநாகரிகம்தான். ஆனால் பின்வாசலை முழுவதும் திறப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் பாடநூல்களில் வந்த வரைபடம், 1901இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. அந்த வரைபடத்தைக் காரணம் காட்டி யாராவது கோப்பை விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

ஒயினில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். பெரும்பாலான ஒயின்களில் 12 முதல் 14 விழுக்காடு ஆல்கஹால். எஞ்சிய கொஞ்சத்தில் அமிலங்கள், துவர்ப்புத் தரும் டானின், கிளிசரால். மணம் தரும் சேர்மங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் எடையில் அவை ஒன்றுமே இல்லை. இந்தச் சேர்மங்களை அறிந்தால் சுவைஞர்கள் சொல்லும் சொற்கள் கற்பனை அல்ல என்பது புரியும். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வுக் கழகம் அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தது. மிளகின் வாசத்துக்கும் அதே சேர்மம்தான் காரணம். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு சேர்த்தாலும் அந்த மணம் தெரியவே இல்லை என்பது மற்றொரு செய்தி. உங்கள் நண்பருக்குத் தெரிகிற ஒரு மணம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அது உங்கள் குறை அல்ல. பிறவியிலேயே வாய்த்த மூக்கு அப்படி. காபர்நே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயினில் வரும் பச்சைக் குடைமிளகாய் வாசமும் குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசீன் என்ற சேர்மத்தால் வருகிறது. கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினில் லிச்சிப் பழம் மணப்பதும் அப்படியே. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, ஐரோப்பாவில் மஸ்கட் ஹம்பர்க் என்று அழைக்கப்படும் வகை. அதில் வரும் பூமணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் போன்ற சேர்மங்கள் கொத்தமல்லி விதையிலும் ரோஜாவிலும் இருப்பவை. பன்னீர் திராட்சையை முகர்ந்து பார்த்த தேனி மாவட்டத்துக் குழந்தைக்கு மஸ்கட் ஒயினின் மணம் ஏற்கெனவே தெரியும்.

மணம் அல்லாத ஒன்றும் வாயில் இருக்கிறது: துவர்ப்பு. சிவப்பு ஒயினின் முதுகெலும்பு அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின், உமிழ்நீரில் இருக்கும் வழுவழுப்பான புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்துவிடுகிறது. வழுவழுப்பு போனதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. மேலைநாட்டு அறிவியல் இதைத் தொடுவுணர்ச்சியாகக் கணக்கிடுகிறது. நாமோ அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, நாவற்பழம், மாதுளைத்தோல் ஆகியவற்றின் துவர்ப்பு ஒவ்வொன்றும் வேறு என்று தெரிந்த வாய்க்குச் சிவப்பு ஒயினைப் பிரித்தறிவது கடினம் இல்லை. முரட்டுத் துவர்ப்பா, மென்துவர்ப்பா, ஈறில் பிடிக்கிறதா, நாக்கின் மேலா என்று கவனியுங்கள். துவர்ப்பு ஒவ்வொரு மடக்கிலும் கூடிக்கொண்டே போகும் என்பதால் நடுநடுவே ஒரு துண்டு வெறும் ரொட்டி நல்லது. தண்ணீர் மட்டும் போதாது.

மூக்குக்கு மிகப் பெரிய எதிரி கண். இதற்கு நல்ல சான்று பிரான்சின் போர்தோ நகரிலிருந்து வந்தது. ஒயின் வணிகத்தின் தலைநகரம் என்று சொல்லத்தக்க அந்த ஊரின் பல்கலைக்கழகத்தில், ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினும் ஒரு சிவப்பு ஒயினும் கொடுத்து மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். சிவப்புக்கு வழக்கமான சொற்களையே எழுதினார்கள்: செர்ரி, பிளம், கருங்கொடிமுந்திரி. உண்மையில் இரண்டும் ஒரே வெள்ளை ஒயின். ஒன்றில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்திருந்தது. மொரோ, புரோஷே, துபோர்தியூ ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட இந்த ஆய்வை, ஒயின் நிபுணத்துவமே பொய் என்பதற்கு ஆதாரமாகப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. கண் முதலில் தீர்ப்பு எழுதிவிட்டால் மூக்கு அதற்குச் சாட்சி தேடத் தொடங்கிவிடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. விலையும் அதே வேலையைச் செய்கிறது. 2008இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். மூளையில் இன்பத்தை அளவிடும் பகுதியும் அதற்கேற்பக் கூடுதலாகவே இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

இதனால்தான் பெயரை மறைத்துச் சுவைப்பது இந்தத் துறையில் நேர்மையின் அடையாளமாக ஆனது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஆங்கில வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் ஒரு சுவைப்பு நடத்தினார். பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேர். போர்தோ, பர்கண்டி ஆகிய இடங்களின் புகழ்பெற்ற ஒயின்களோடு அப்போது யாரும் பெரிதாக மதிக்காத கலிஃபோர்னியா ஒயின்களும் சீட்டு மறைத்து வைக்கப்பட்டன. வெள்ளையில் ஷாதோ மோந்தலேனா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் என்று இரண்டிலும் கலிஃபோர்னியாவே முதலிடம் பெற்றது. சீட்டு தெரிந்திருந்தால் அந்த நடுவர்கள் அப்படி மதிப்பெண் போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. வீட்டில் இதைச் செய்ய ஒரு செய்தித்தாள் போதும். இரண்டு புட்டிகளைச் சுற்றிக் கட்டி, எது எது என்று ஒருவருக்கு மட்டும் தெரியும்படி ஊற்றுங்கள். ஓர் ஒயினைத் தனியாகப் பல முறை குடிப்பதைவிட இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் கற்றுக்கொள்வது அதிகம்.

கண்ணால் அறியக்கூடியவையும் உண்டு. கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்தால், வயதான வெள்ளை ஒயின் பொன்னிறமாகக் கருத்திருப்பதையும் வயதான சிவப்பு ஒயினின் விளிம்பு செங்கல் நிறத்துக்கு வெளுத்திருப்பதையும் காணலாம். கோப்பையின் உட்சுவரில் வழியும் கோடுகளைத் தரத்தின் அறிகுறி என்பார்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது பரப்பு இழுவிசை மாறுவதால் அவை உண்டாகின்றன. ஆல்கஹால் எவ்வளவு என்பதை அவை ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது.

பரிமாறுவதில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பநிலை. நம் ஊரில் அதிகம் கெடுவதும் அதுதான். விலையுயர்ந்த கோப்பையை விடுங்கள், ஒயினை ஊற்றி மாற்றும் டிகாண்டர் குடுவையை விடுங்கள். இதை மட்டும் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. ஒயின் மிகவும் குளிர்ந்திருந்தால் மணச் சேர்மங்கள் மேலெழுவதில்லை, இனிப்பு மங்குகிறது, புளிப்பும் துவர்ப்பும் கசப்பும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மிகவும் சூடாக இருந்தால் முதலில் ஆல்கஹால்தான் ஆவியாகி மூக்கைக் குத்துகிறது. பழமணம் அதற்குப் பின்னால் மறைந்து, வேகவைத்த பழத்தின் கனம் வந்துவிடுகிறது.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற அறிவுரையால் விளைந்த கேடு கொஞ்சமல்ல. அது மையச் சூடேற்றம் வருவதற்கு முந்திய பிரான்சில், கல்சுவர் வீடுகளில் பிறந்த அறிவுரை. நிலவறையில் 10, 12 டிகிரியில் கிடந்த புட்டியைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து, அந்த அறையின் 16, 17 டிகிரிக்கு ஏறவிடுவார்கள். சென்னையிலோ மதுரையிலோ கொழும்பிலோ அறை வெப்பநிலை 30 டிகிரி. அந்தச் சூட்டில் எவ்வளவு நல்ல போர்தோ ஒயினும் கனத்து, காரமேறி, களைத்துப்போயிருக்கும். எனவே சிவப்பு ஒயினையும் குளிர்விக்கத்தான் வேண்டும். போர்தோ, ஷிராஸ் போன்ற கனமானவை 16 முதல் 18 டிகிரி. போஜொலே போன்ற இலகுவான சிவப்பு 12 முதல் 14. ஓக் பீப்பாயில் வளர்ந்த, ஷார்டொனே போன்ற கனமான வெள்ளை 10 முதல் 13. சோவின்யோன் பிளாங்க் போன்ற மெல்லிய வெள்ளையும் ஷாம்பேனும் 8 முதல் 10. இனிப்பு ஒயின் இன்னும் சற்றுக் கீழே.

வெப்பமானி இல்லாமலே இதைச் செய்யலாம். 30 டிகிரியில் இருக்கும் சிவப்பு ஒயினைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். விருந்தினர் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்றால் வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் சரிபாதியாகப் போட்டுக் கழுத்துவரை அமிழ்த்தினால் பத்து நிமிடத்தில் ஆகிவிடும். வெள்ளைக்கு ஏறத்தாழ அரை மணி. வெறும் பனிக்கட்டியைவிடப் பனிநீர் வேகமானது, ஏனென்றால் தண்ணீர் புட்டியின் எல்லாப் பக்கத்தையும் தொடுகிறது. ஒரு பிடி உப்பு போட்டால் இன்னும் விரைவு. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் நாள் முழுவதும் கிடந்த ஷார்டொனேயைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். எந்த ஒயினையும் சரியான அளவைவிட ஓரிரு டிகிரி குறைவாகவே ஊற்றுங்கள். கோப்பையில் சூடு தானாக ஏறும், இறங்காது. நம் தட்பவெப்பத்தில் அந்த ஏற்றம் மிக வேகமானது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊற்றுவதே நல்ல பரிமாறல். கோப்பையில் பனிக்கட்டி போடுவது ஒயினில் தண்ணீர் கலப்பதுதான்.

கோப்பை குறித்து என் கருத்து எளிமையானது. மெல்லிய கண்ணாடி, அகன்ற வயிறு, உள்நோக்கிக் குறுகும் வாய், பிடிக்க ஒரு காம்பு. இவை இருந்தால் ஒரே வகைக் கோப்பை எல்லா ஒயினுக்கும் போதும். அகன்ற வயிறு ஒயினுக்கு ஆவியாகப் பரப்பு தருகிறது. குறுகிய வாய் அந்த ஆவியை மூக்குக்காகச் சேர்த்துவைக்கிறது. காம்பைப் பிடிப்பது நளினத்துக்காக அல்ல, கையின் சூடு ஒயினுக்கு ஏறாமல் இருக்க. பன்னாட்டுத் தர அமைப்பு 1977இல் வகுத்த சுவைப்புக் கோப்பை இந்த எல்லாவற்றையும் கொண்டது. கொள்ளளவு ஏறத்தாழ 215 மில்லிலிட்டர், ஊற்றுவதோ 50தான். மீதி இடம் மணத்துக்கு. வீட்டில் பெரிய கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் சரி. விளிம்புவரை நிரப்புவது தாராளமாகத் தெரியும். ஆனால் சுழற்ற முடியாது, சுழற்றாவிட்டால் மணம் வராது. கோப்பையை அலமாரியில் கவிழ்த்து வைத்தால் உள்ளே மரவாடை தேங்கும். சோப்பு வாடையும் அப்படியே. ஊற்றுமுன் வெறும் கோப்பையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

அறையையும் கவனிக்க வேண்டும். சுவைப்புக் கூடங்களில் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருவதை வரவேற்க மாட்டார்கள். நம் வீடுகளில் ஊதுபத்தியும் சாம்பிராணியும், தலையில் மல்லிகையும், அடுப்பில் தாளிப்பும் இருக்கும்போது எந்த ஒயினின் மென்மணமும் எடுபடாது. ஒயினுக்காக மல்லிகையைக் கழற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல புட்டியை அந்த மாலையில் திறக்கவும் மாட்டேன்.

டிகாண்டர் எனப்படும் குடுவைக்கு ஊற்றி மாற்றுவதில் இரண்டு வேறு நோக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். ஒன்று மண்டியைப் பிரிப்பது. பல்லாண்டுகள் புட்டியில் கிடந்த சிவப்பு ஒயினிலும், வின்டேஜ் போர்ட் என்ற போர்ச்சுகல் இனிப்பு ஒயினிலும் டானினும் நிறமிகளும் ஒன்றுசேர்ந்து அடியில் தங்கும். கசப்பும் நறநறப்பும் தவிர அதனால் தீங்கில்லை. புட்டியை ஒருநாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்து மண்டியை அடிக்கு இறங்கவிட வேண்டும். பிறகு குலுக்காமல் தக்கையை உருவி, கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியோ கைவிளக்கோ வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே சாய்வில் ஊற்ற வேண்டும். மண்டி கழுத்துக்கு வருவது விளக்கொளியில் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். போர்தோவின் சாப்பாட்டு அறைகளில் இதைக் கைநடுக்கமில்லாமல் செய்து முடிப்பவரின் வேலை பார்க்கவே அழகு.

இரண்டாவது நோக்கம் காற்றூட்டுவது. இதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. நவீன போர்தோ ஒயின் தயாரிப்பை மாற்றியமைத்த எமில் பெய்னோ, மண்டி இருந்தால் மட்டும் மாற்றுங்கள், அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்பு என்றார். நெடுநேரம் காற்றுபட்டால் மணம் மங்கும் என்பது அவர் நிலைப்பாடு. இத்தாலியின் இளம் பரோலோ போன்ற முரட்டுச் சிவப்பு ஒயின்களை மணிக்கணக்கில் குடுவையில் விடுபவர்களும் அனுபவசாலிகள்தான். முப்பது நாற்பது ஆண்டு முதிர்ந்த ஒயினில் பெய்னோ சொன்னதை நான் மீறமாட்டேன்; அதன் மணம் குடுவையில் சீக்கிரமே போய்விடக்கூடும். இளம் சிவப்பு ஒயினில் காற்று உதவக்கூடும். தீக்குச்சி, அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை வரும் ஒயினில் நிச்சயம் உதவும். சுழற்றினாலே பெரும்பாலும் போய்விடும். தக்கையை மட்டும் உருவிவிட்டு ஒரு மணி நேரம் மூச்சுவிடட்டும் என்று வைப்பதில் பயன் எதுவும் இல்லை. கழுத்துக்குள் காற்றைத் தொடும் பரப்பு ஒரு நாணயத்தின் அளவுதான்.

ஷாம்பேன் தனி ஜாதி. புட்டிக்குள் அழுத்தம் 5 முதல் 6 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைவிட இருமடங்குக்கு மேல். தக்கை பறந்து கண் போனவர்கள் உண்டு என்பதால் வெடிச்சத்தத்தோடு திறப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முதலில் நன்றாகக் குளிர்விக்க வேண்டும். சூடான புட்டி பொங்கும். கம்பிக் கூட்டைத் தளர்த்தும் நொடியிலிருந்து கட்டைவிரலைத் தக்கையின் மேலிருந்து எடுக்கவே கூடாது. புட்டியைச் சாய்த்து, துணியால் தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தக்கையைத் திருகாமல் புட்டியைத் திருக வேண்டும். தக்கை மெல்லிய மூச்சொலியோடு கைக்குள் வந்து சேரும். கோப்பையைச் சாய்த்துச் சுவரோடு வழியவிட்டு ஊற்றினால் குமிழ் அதிகம் தங்கும் என்று ரான்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் குழு 2010இல் அளந்து காட்டியது. ஒல்லியான நெடுங்கோப்பையில் குமிழ் பார்க்க அழகு. ஆனால் கரியமில வாயு குவிந்து மூக்கில் சுருக்கென்று ஏறும். துலிப் பூ வடிவக் கோப்பை மேலானது.

இத்தனையும் தயாரான பிறகு சுவைப்பது எளிது. சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். குறுகிய மூச்சுகளாக முகர வேண்டும்; நீண்டநேரம் முகர்ந்தால் மூக்கு பழகி மரத்துவிடும். ஒரு சிறு மடக்கை வாயெங்கும் உருட்டிக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். விழுங்கிய பிறகு, அல்லது துப்பிய பிறகு, மணம் எத்தனை நொடி நீடிக்கிறது என்று கவனியுங்கள். தரத்துக்கு நான் நம்பும் அளவுகோல்களில் அந்த நீட்சியே முதன்மை. துப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளில் ஐம்பது அறுபது ஒயின்களைச் சுவைக்கும் தொழிலர்கள் அத்தனையையும் துப்புகிறார்கள். விருந்திலும் துப்புவதற்கு ஒரு பாத்திரமும், ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீரும் வைப்பது நல்ல வழக்கம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே விருந்தினரைக் கேட்காமல் அவர் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருப்பது உபசாரம் ஆகாது. வண்டி ஓட்டப்போகிறவருக்கு ஊற்றவே கூடாது.

மணத்துக்குப் பெயர் வைப்பதில் பலர் மிரள்கிறார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1980களில் ஒரு மணச் சக்கரத்தை உருவாக்கினார். நடுவில் பழம், பூ, மசாலா என்ற பொதுப்பெயர்கள்; வெளிவட்டத்தில் எலுமிச்சை, ரோஜா, கிராம்பு என்ற குறிப்பான பெயர்கள். நேர்த்தி, கம்பீரம் போன்ற மதிப்பீட்டுச் சொற்களுக்கு அதில் இடமில்லை. கடையில் வாங்கி முகர்ந்து சரிபார்க்கக்கூடிய மணங்கள் மட்டும். அந்த ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம், பட்டியலை அல்ல. ராஸ்ப்பெரியை முகர்ந்தே பார்க்காதவர் ராஸ்ப்பெரி என்று எழுதுவதில் பொருளில்லை. நாவற்பழம், பலாச்சுளை, தாழம்பூ, காய்ந்த புகையிலை, முதல் மழைக்குப் பின் மண், கருப்பட்டி என்று உங்களுக்கு உண்மையில் தோன்றியதைச் சொல்லுங்கள்.

இனி உணவு. ஐரோப்பிய ஒயின் வணிகர்களிடம் ஒரு பழமொழி உண்டு: வாங்கும்போது ஆப்பிளோடு சுவை, விற்கும்போது பாலாடைக்கட்டியோடு கொடு. கொழுப்பும் உப்பும் ஒயினின் குறைகளை மூடும். ஆப்பிளின் இனிப்பும் புளிப்பும் அவற்றை வெளிச்சம் போட்டுக் காட்டும். நம் சாப்பாட்டில் உள்ள சிக்கல் வேறு. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாயிலை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் செட்டிநாட்டுக் கோழிக்கு 14.5 விழுக்காடு ஷிராஸ் ஊற்றினால் காரம் ஏறும், துவர்ப்பு முரடாகும், பழமணம் மறையும். ஆல்கஹால் குறைந்து, லேசான இனிப்போடு, நன்கு குளிர்ந்த ஒயின்தான் இங்கே பொருந்தும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் 8, 9 விழுக்காடு ஆல்கஹாலோடு வரும் கபினெட் வகைகள் இதற்கென்றே செய்யப்பட்டவைபோல் இருக்கும். புளி சேர்ந்த குழம்புக்கு அதைவிடப் புளிப்பான ஒயின் வேண்டும், இல்லையென்றால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மீனோடு சிவப்பு ஒயின் சேர்ந்தால் வாயில் ஒரு மீன்வாடை தங்கும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. ஒயினில் உள்ள இரும்புச்சத்து அதற்குக் காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்; இரும்பு குறைந்த சிவப்பு ஒயினில் அந்த வாடை எழவில்லை. கனமான சிவப்பு ஒயினுக்கு நம் சமையலில் நல்ல துணை, காரம் குறைத்து மிளகும் உப்பும் தூக்கலாக வறுத்த ஆட்டுக்கறி. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும்.

பல புட்டிகள் இருந்தால் மெல்லியதிலிருந்து கனமானதற்கும், இனிப்பற்றதிலிருந்து இனிப்புக்கும் போக வேண்டும். இனிப்பு ஒயினுக்குப் பிறகு வரும் எதுவும் வெறும் புளிப்பாகத்தான் தெரியும். 750 மில்லிலிட்டர் புட்டி ஐந்தாறு பேருக்கு ஆளுக்கு ஒரு கோப்பை தரும். மீந்தால் வெள்ளையோ சிவப்போ மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். குளிரில் ஆக்சிஜனின் வேலை மெதுவாகும், இரண்டு மூன்று நாள் தாங்கும். திறக்காத புட்டியை இருட்டில், தக்கை நனையும்படி படுக்கவைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய அறையிலோ காரின் பின்பெட்டியிலோ கிடந்த புட்டிக்கு வெப்பநிலையும் கோப்பையும் பிறகு எதுவும் செய்ய முடியாது.